பிடரி முடி ஒரு கொத்து

உலான்பாதர்,
மார்ச் 3, 1998

அன்புள்ள கொம்போ அண்ணாவுக்கு,

தங்கை டெல்கெர்மா எழுதுவது. புலி ஆண்டு பிறந்துவிட்டது. மந்தை தளராமல் குளிரைக் கடந்ததா? நீங்களும் நோர்ஜ்மா அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? நான் இங்கே சுகம். புத்தாண்டுக்கு நேரில் வந்து உங்கள் முழங்கையைத் தாங்கி வணங்க முடியாமல் போய்விட்டது. கம்பள ஆலையில் கொடுத்த விடுமுறை வழியிலேயே தீர்ந்துவிடும். அதனால் விடுதி அறையிலேயே நாலு பெண்கள் சேர்ந்து ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டை பிடித்தோம். நான் பிடித்ததைப் பார்த்து அடுத்த கட்டில்காரி, "ஏண்டி, இது கொழுக்கட்டையா, குதிரைக் குளம்பா?" என்றாள். சிரித்துச் சிரித்துப் பாதியை அவளே தின்றாள்.

இப்போது சேதிக்கு வருகிறேன். ஆலையில் சொல்லிவிட்டேன் அண்ணா. புல் தலைகாட்டியதும் ஜூனில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறேன். மூன்று வருஷம் கம்பளத் தூசியைத் தின்றது போதும். "வந்து எங்கே இருப்பாய்?" என்று அண்ணி யோசிக்க வேண்டாம். அப்பா எனக்கென்று விட்டுப்போன சின்னக் கூடாரம் இருக்கிறது, என் குதிரை செவலை இருக்கிறான். அவன் உங்கள் கட்டுத்தறியில் நிற்கிற வரைக்கும் நான் அந்த வீட்டுக்கு விருந்தாளி இல்லை. கல்யாணம் ஆகாதவளுக்கு அதுதான் வேர்.

செவலை எப்படி இருக்கிறான்? தாய் செத்த அன்றைக்கு அவனைக் கூடாரத்துக்குள் தூக்கி வந்து கொம்பில் ஆட்டுப்பால் புகட்டினேனே, அப்போது நீங்கள், "இது பிழைச்சா என் தொப்பியைத் தின்னுடறேன்" என்றீர்கள். அந்தத் தொப்பியை இன்னும் நீங்கள் தின்னவில்லை. ஞாபகம் இருக்கட்டும்.

வசந்தத்தில் அவனை ஓட்டாதீர்கள். எலும்பும் தோலுமாக நிற்பான். வேர்க்க விட்டால் சாயங்காலக் காற்று நெஞ்சில் இறங்கிவிடும். உதிர்கிற குளிர்மயிரைத் தேய்த்து எடுங்கள். பிடரியை மட்டும் தொடாதீர்கள், நான் வந்து கத்தரிக்கிறேன்.

வசந்தம் உங்களுக்கு இதமாக வரட்டும்.

உங்கள் தங்கை,
டெல்கெர்மா

---

தாமிர் ஆற்றங்கரை,
மார்ச் 22

தங்கச்சி டெல்கெர்மாவுக்கு,

அண்ணன் கொம்போ எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை ஜீப்காரர் மிஜித் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணிதான் உரக்கப் படித்தாள். கொழுக்கட்டை விஷயத்தைக் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இந்தக் குளிர் சாதாரணமாகப் போகவில்லை. பழைய வசந்தக் கொட்டிலில் பனி இடுப்பளவு. பெட்டைக் குதிரைகள் எல்லாம் சினை. அங்கேயே இருந்திருந்தால் பாதிக்குமேல் கருவை விட்டிருக்கும். அதனால் இந்த வருஷம் இடம் மாறினோம். தெற்குச் சரிவில் ஷாரவுடைய கல் மதில் இருக்கிறதல்லவா, அங்கே இறங்கியிருக்கிறோம். காற்றே தெரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மணல் பறக்கிறது, இந்தப் பக்கம் தேநீரில் ஒரு தூசி இல்லை. சொன்னால் நம்பமாட்டாய்.

நேற்று கருப்பி ஒரு குட்டி போட்டது. நெற்றியில் வெள்ளை. பிறந்த சூட்டோடு எழுந்து நின்று, பனியைப் பார்த்துத் தும்மிவிட்டு, மறுபடி விழுந்தது. மயிலைப் பெட்டைக்கு மடி இறங்கியிருக்கிறது, இன்றோ நாளையோ போட்டுவிடும். பகலெல்லாம் பெட்டைகளின் பின்னாலேயே அலைகிறேன். பொலிகுதிரைக்குத் திமிர் ஏறிக்கிடக்கிறது. நேற்று என் சுருக்குக் கழியை இரண்டாக ஒடித்துப் போட்டது. பெரியவன் புதுக்குதிரை பழக்கக் கேட்கிறான். புல் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ வருவதைப் பற்றி நிதானமாக யோசி. ஆலை வேலை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அவசரப்பட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
கொம்போ

---

உலான்பாதர்,
ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வசந்தம் இதமாக இருக்கிறதா? பெட்டைகளுக்கு மடி நிறையப் பால் சுரக்கட்டும். நான் சுகம்.

இரண்டு தாள் எழுதியிருக்கிறீர்கள். கருப்பியின் குட்டி தும்மினது வரைக்கும் வந்துவிட்டது. செவலையைப் பற்றி ஒரு வரி இல்லையே! முதுகுப்பக்கம் எழுதியிருப்பீர்களோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடுத்த கட்டில்காரி, "என்னடி, காதல் கடிதாசியா?" என்கிறாள். ஆமாம், என் ஆள் நாலு காலில் நிற்கிறான் என்று சொன்னேன்.

இன்னொன்று. காக்காய் உட்கார்ந்தால்கூடக் கல்லெடுத்து எறிகிற ஷாரவ் தன் மதிலை உங்களுக்கு விட்டாரா? கணவாய்க்கு அந்தப்புறம் இருந்துகொண்டு, இந்தப்புறத்துப் புல்லையும் எண்ணி வைத்திருக்கிற மனுஷர் அவர். பந்தயக் குதிரை ஓட்டுகிறவர் ஒன்றுமில்லாமல் ஒன்றைக் கொடுக்கமாட்டார் என்று அப்பா சொல்வாரே. உங்கள் சாமர்த்தியமா, அண்ணியின் உப்புத்தேநீரா? எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

செவலைக்கு ஒரு கை உப்பு கொடுங்கள், என் பேரைச் சொல்லி. இடது காதுக்குப் பின்னால் சொறிந்தால் உதட்டைத் தூக்கிச் சிரிப்பான். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

உங்கள் தங்கை,
டெல்கெர்மா

---

தாமிர் ஆற்றங்கரை,
ஏப்ரல் 17

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா?

ஒரு சேதி சொல்ல வேண்டும். மனதைத் தேற்றிக்கொள். பனி அதிகமாக விழுந்த சமயத்தில் ஓநாய்கள் ஆறு வரைக்கும் இறங்கிவிட்டன. உன் செவலை மந்தையை விட்டுத் தனியே மேய்ந்திருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தபோது ஒன்றும் மிச்சமில்லை. ஆண்டுப் பிறப்பில் எழுதி உன்னை அழவைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அதனால்தான் போன கடிதத்தில் எழுதவில்லை.

கால்நடை என்றால் போகும், வரும். உனக்குத் தெரியாததா? அழாதே.

காற்று இன்னும் விடவில்லை. மயிலை போட்டது ஆண் குட்டி.

அண்ணன்,
கொம்போ

---

உலான்பாதர்,
ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகமா? நான் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை ஆலை வாசலில் நின்று படித்தேன். அப்புறம் உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தேன். சிவப்பு நூல் போட வேண்டிய இடத்தில் பச்சை போட்டு ஒரு முழம் நெய்துவிட்டேன். மேற்பார்வைக்காரி வந்து, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினாள். "என் குதிரை செத்துப் போச்சுக்கா" என்றேன். அவளும் மேய்ச்சல் வீட்டுப் பெண்தான். பக்கத்தில் உட்கார்ந்து பச்சையை எல்லாம் பிரித்துக் கொடுத்தாள்.

உங்கள் மேல் கோபம் இல்லை. இடுப்பளவு பனியில் நீங்கள் எதையென்று பார்ப்பீர்கள்? ஓநாயும் குட்டி வளர்க்க வேண்டியதுதான். ஆனால் அவன் தனியாகவா மேய்ந்தான் என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது. கூடாரத்தில் வளர்ந்தவன், தனியாக நிற்கவே பயப்படுவான். நான் பக்கத்தில் இருந்திருந்தால் என்று தோன்றுகிறது. என்ன பிரயோஜனம்.

இரண்டு காரியம் செய்யுங்கள் அண்ணா. அவன் தலை கிடைத்திருந்தால், குன்றின் மேல் கற்குவியலில் நல்ல குதிரைகளுக்கு வைக்கிற மாதிரி வையுங்கள். அவன் நல்ல குதிரை. வால்முடி ஏதாவது கிடந்திருந்தால் ஒரு பிடி எனக்கு அனுப்புங்கள். தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன்.

நான் வரத்தான் செய்வேன். நீங்கள் கூப்பிடுகிற வீட்டுக்குக் குதிரை இல்லாமலும் வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
டெல்கெர்மா

---

தாமிர் ஆற்றங்கரை,
மே 8

தங்கச்சிக்கு,

சுகம். சுகமறிய ஆவல்.

நீ சொன்னபடி தலையைக் குன்றின் மேல் கற்குவியலில் கிழக்கு பார்த்து வைத்தேன். நீலப் பட்டும் கட்டினேன். வால்முடியை அண்ணி துணியில் சுற்றி இதோடு வைத்திருக்கிறாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை, எனக்கும் மனசு தாங்காது.

குட்டிகள் நன்றாக இருக்கின்றன. ஒன்றுகூட வீணாகவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு மதிலைச் சுற்றி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைப்பேன். பிடரி கத்தரிக்கிற வேலை ஆரம்பித்துவிட்டது.

இனிமேல் அதைப் பற்றி எழுதாதே. நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்ளாதே.

அண்ணன்,
கொம்போ

---

உலான்பாதர்,
மே 15

கொம்போ அண்ணாவுக்கு,

மந்தை சுகமாகத்தான் இருக்கும். கல் மதில் இருக்கிறதே.

பொட்டலத்தைப் பிரித்தேன். இது வால்முடி இல்லை. பிடரி முடி. கத்தியால் அறுத்ததும் இல்லை, வேரோடு பிடுங்கியது. எருப்புகை ஏறி மஞ்சளாகியிருக்கிறது. நடுவில் முடிச்சு, முடிச்சில் கயிறு போட்டுக் கூடாரத்து மோட்டுக்கழியில் கட்டின தழும்பு. நான் கம்பளக்காரி அண்ணா, நூலைப் பார்த்தால் அது எங்கே தொங்கியது என்று சொல்வேன். கம்பளக்காரியாக இல்லாவிட்டாலும் சொல்வேன். நம் வீட்டுப் பூனைக்கும் தெரியும் இது.

செத்த குதிரையின் பிடரியை யார் பிடுங்குவார்கள்? உயிரோடு கைமாறிப் போகிற குதிரையைத்தான் மூக்கைச் சட்டைக்கையால் துடைத்து, பிடரியில் ஒரு கொத்துப் பிடுங்கி, வீட்டு மோட்டில் கட்டுவோம். போகிறது போகட்டும், அதன் பாக்கியம் நம்மோடு இருக்கட்டும் என்று. அப்பா கட்டிப் பார்த்திருக்கிறோம். ஓநாயிடம் கொடுப்பதற்கு முன்னாலும் ஒரு கொத்துப் பிடுங்கிக்கொண்டுதான் கொடுத்தீர்களா? அந்த ஓநாய்க்கு ஷாரவ் என்றுதானே பெயர்?

கற்குவியலில் இருப்பது எந்தக் குதிரையின் தலை? நீலப் பட்டு வேறு கட்டினீர்களாமே! உயிரோடு நிற்கிறவனுக்கு நான் இங்கே தினமும் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். மேற்பார்வைக்காரிக்கு என்ன பதில் சொல்வேன்? "அக்கா, என் குதிரை சாகலை, எங்கண்ணன்தான் பொய் சொன்னாரு"ன்னு சொல்லவா?

பனி விழுந்த நாளில் எழுதியிருக்கலாமே. உண்மையை எழுதுங்கள். இந்த முறை குட்டி தும்மின கதை வேண்டாம்.

டெல்கெர்மா

---

தாமிர் ஆற்றங்கரை,
மே 27

தங்கச்சி,

நாங்கள் சுகம்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஷாரவிடம்தான் கொடுத்தேன். புத்தாண்டுக்கு முன்னால், பனி நிற்காமல் விழுந்த வாரத்தில் அவர் வந்தார். மூக்குப்பொடிச் சிமிழ் மாற்றிக்கொண்டோம். தேநீர் குடித்தார். கொட்டிலைப் பார்த்தார்.

"கொம்போ, உன் பெட்டைங்க எல்லாம் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குதுங்க. இங்கேயே வெச்சிருந்தா ஒரு குட்டி தேறாது. என் மதில் சும்மாத்தான் கிடக்கு. அந்தச் செவலையை விடு, நீ இருக்கிற வரைக்கும் மதில் உன்னுது" என்றார்.

"அது என் தங்கச்சியோடதுங்க" என்றேன். சொன்னேன் டெல்கெர்மா, சத்தியமாகச் சொன்னேன்.

"தங்கச்சி எங்கே?"

"பட்டணத்துல."

"பட்டணத்துல இருக்கிறவளுக்குக் குதிரை எதுக்குய்யா? பஸ்ஸுல போயிடுவா" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

உன்னைக் கேட்கவில்லைதான். கேட்டுக் கடிதம் போய் வருவதற்குள் பெட்டைகள் செத்திருக்கும். நீ திரும்பி வருவாய் என்றும் நினைக்கவில்லை. போனவர்கள் யார் திரும்பினார்கள்? அப்புறம் நீ வருகிறேன் என்று எழுதினாய். ஓநாய் என்று எழுதிவிட்டால் உனக்கு அழுது ஆறிவிடும், எனக்கும் முகத்தில் விழிக்க முடியும் என்று பட்டது. கற்குவியலில் நான் எதையும் வைக்கவில்லை. குன்றேறவே இல்லை.

ஆனால் ஒன்றை நினைத்துப் பார். ஒரு குதிரை போயிற்று. அத்தனை குட்டிகளும் நிற்கின்றன. உனக்குப் பிடித்த குட்டியை எடுத்துக்கொள். இரண்டாக எடுத்துக்கொள். அப்பா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

அண்ணன்,
கொம்போ

---

தாமிர் ஆற்றங்கரை,
ஜூன் 1

டெல்கெர் பொண்ணுக்கு அண்ணி நோர்ஜ்மா எழுதிக்கிறது. நல்லா இருக்கியா கண்ணு? எனக்கு உங்கண்ணன் மாதிரி எழுத வராது. பேசற மாதிரிதான் வரும். அவரு ஆத்துப்பக்கம் போயிருக்காரு, வர்றதுக்குள்ள முடிக்கணும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பிடரி முடியைச் சுத்தி வெச்சது நான்தான். "வேற செவலை வாலுல ஒரு பிடி அறுத்து வெச்சு அனுப்பு"ன்னாரு. கத்தியை எடுத்துட்டுப் போனேன். கை வரலை. செத்துப்போச்சுன்னு நீ கும்பிடறதுக்கு எவன் வீட்டுக் குதிரை வாலையோ குடுக்கச் சொல்றாரேன்னு வயிறு எரிஞ்சுது. மோட்டுல இருந்ததை அவுத்து வெச்சுட்டேன். நீ புரிஞ்சுக்குவேன்னு தெரியும்.

இப்ப சேதி கேளு. செவலை வந்துட்டான்! கணவாயில இன்னும் பனி இருக்கு, அதைத் தாண்டி வந்திருக்கான். கழுத்துல அறுந்த கயிறு. நம்ம புது இடம் அவனுக்கு எப்படித் தெரியும்? நேரா பழைய கொட்டிலுக்கே போயிருக்கான், அங்க ஆளும் இல்லை, கூடாரமும் இல்லை. வெறும் கட்டுத்தறி. அதுகிட்டப் போய் நின்னுக்கிட்டிருக்கானாம், யாரோ கட்டிவெச்ச மாதிரி. மிஜித் ஜீப்புல போறப்போ பாத்துட்டு வந்து சொன்னாரு. குதிரை பிறந்த தண்ணியை மறக்காதும்பாங்க, சரியாத்தான் இருக்கு.

உங்கண்ணனும் கேட்டாரு. தேநீர் ஆறிப்போற வரைக்கும் கிண்ணத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு அது பிடிக்கலை. நீ சீக்கிரம் வா. நான் எழுதினேன்னு சொல்லிடாதே, தாயே.

அண்ணி

---

உலான்பாதர்,
ஜூன் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமா? அண்ணி, பிள்ளைகள், குட்டிகள் எல்லோரும் சுகமா? உண்மையாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உங்களைப் பற்றி இங்கே என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று எழுதினால் தாள் கருகிவிடும். மதில், பனி, பெட்டைகள், எல்லாம் புரிகிறது. கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்கமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. பனி ஒரு சாக்கு.

அது இருக்கட்டும். செவலை வந்திருக்கிறான் என்று மிஜித் சொன்னார். நடுத்தெருவில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "அழாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க, நான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனைக்கப் போறாங்க" என்று பயந்துபோனார்.

14ஆம் தேதி கம்பளி ஏற்றுகிற லாரி நம் பக்கம் வருகிறது. இடம் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் அவனைப் பிடித்து வையுங்கள் அண்ணா. ஷாரவுக்குச் சொல்லியனுப்பாதீர்கள். நானே கணவாய் தாண்டிப் போய் அவரிடம் பேசுகிறேன். மதிலுக்கு வேறு என்ன வேண்டுமோ கேட்கட்டும், அவர் வீட்டில் ஒரு வருஷம் கம்பளி அடிக்கச் சொன்னாலும் அடிக்கிறேன்.

நான் உங்களிடம் இதுவரைக்கும் பெரிதாக எதையும் கேட்டதில்லை. இந்த ஒன்றைச் செய்யுங்கள். ஓநாய், கற்குவியல், நீலப்பட்டு எல்லாவற்றையும் இன்றோடு மறந்துவிடுகிறேன். வந்து உங்கள் கையைத் தாங்கி வணங்குகிறேன், புத்தாண்டுக்குச் செய்யாமல் விட்டதை.

உங்கள் தங்கை,
டெல்கெர்மா

---

தாமிர் ஆற்றங்கரை,
ஜூன் 10

தங்கச்சிக்கு,

லாரியில் ஏறாதே. அதற்காகத்தான் மிஜித்தை உடனே அனுப்புகிறேன்.

பழைய கொட்டிலுக்குப் போனேன். அது கட்டுத்தறியை விட்டு நகரவே இல்லை. சுற்றிலும் புல்லை ஒட்ட மேய்ந்திருந்தது, சாணம் கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம். முன்னங்காலில் குளம்பு பிளந்திருந்தது. அப்பா கூப்பிடுகிற மாதிரி நாக்கைத் தட்டிக் கூப்பிட்டேன். காதைத் திருப்பியது. வந்தது. தலைக்கயிறு எடுத்துப் போகவில்லை; இடுப்புக் கச்சையை அவிழ்த்தேன். கழுத்தைத் தானே குனிந்து கொடுத்தது டெல்கெர்மா.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளம்பைச் சீவினேன். அண்ணி உதிர்மயிரை எல்லாம் தேய்த்து எடுத்தாள். பிள்ளைகள் காதுக்குப் பின்னால் சொறிந்து விளையாடினார்கள். நீ எழுதியது சரிதான், சிரிக்கிறது.

உன் கடிதம் வந்தது. அன்றைக்கே ஷாரவுக்குச் சொல்லியனுப்பினேன். நீ வந்து எதிரில் நின்றால் என்னால் முடியாது என்று தெரியும். சிமிழ் மாற்றிக் கொடுத்த வாக்கு. அடுத்த குளிருக்கு மதில் இல்லையென்றால் நான் எங்கே போவேன்? ஆட்கள் நேற்று வந்தார்கள். இனிமேல் ஓடாமல் இருக்க இரும்புத் தளை பூட்டினார்கள். அண்ணி ஆற்றுக்குப் போய்விட்டாள், இன்னும் என்னோடு பேசவில்லை. இரண்டாவது தடவை பிடரியில் கொத்துப் பிடுங்க எனக்குக் கை எழவில்லை. அப்படியே போகட்டும் என்று விட்டேன்.

என்னை எது வேண்டுமானாலும் சொல். பதில் மட்டும் போடு.

கொம்போ

---

உலான்பாதர்,
ஜூன் 21

கொம்போ அவர்களுக்கு,

மந்தை சுகமா, மக்கள் சுகமா என்று கேட்பது முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் கேட்டீர்கள், எழுதுகிறேன். லாரி வந்தது, நான் ஏறவில்லை. என் இடத்தில் யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறிப் போனாள். ஆலையில் போய், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றேன். மேற்பார்வைக்காரி, "ஊருக்குப் போறேன்னு குதிச்சியே?" என்று கேட்டாள். ஊர் இடம் மாறிவிட்டது அக்கா, கல் மதிலுக்குள் போய்விட்டது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

முதல் தடவை கொடுத்ததைப் பனி என்று நினைத்துக்கொள்ளலாம். ஓநாய் என்று எழுதியதைக் கூச்சம் என்று நினைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அவன் கட்டுத்தறியில் கட்டாமலே நின்றான். நாக்கைத் தட்டினதும் அப்பா என்று நம்பி வந்தான். கழுத்தைக் குனிந்து கொடுத்தான் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் 14ஆம் தேதி வருகிறேன், நானே பேசுகிறேன் என்று எழுதினேன். உங்கள் கச்சைக்குள் நாங்கள் இரண்டு பேரும் தானாகத்தான் வந்தோம்.

குட்டி எனக்கு வேண்டாம். ஒன்றும் வேண்டாம், இரண்டும் வேண்டாம். சின்னக் கூடாரத்தை அண்ணிக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். குட்டிகளைக் குளிருக்கு உள்ளே கட்டிக்கொள்ளட்டும். அவளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே ஆள் அவள்தான்.

செவலையின் கொத்தை நான் திருப்பி அனுப்பமாட்டேன். அவன் பாக்கியத்தில் உங்களுக்குப் பங்கு இல்லை. ஆனால் மோட்டுக்கழி வெறுமையாக இருக்குமே. அதனால் இதோடு ஒரு துணியில் என் தலைமுடி ஒரு கொத்து வைத்திருக்கிறேன். கத்தரித்தது இல்லை, வேரோடு பிடுங்கியது. வலித்தது. செவலைக்கும் வலித்திருக்கும். அவன் முடி இருந்த அதே இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கேட்டால் அத்தையை ஓநாய் அடித்துவிட்டது என்று சொல்லாதீர்கள். முடியைக் காட்டுங்கள், அவர்களுக்கே தெரியும், உயிரோடுதான் போயிருக்கிறாள் என்று.

வசந்தம் முடிந்துவிட்டது. புல் நன்றாக வரட்டும்.

அப்பா லுவ்சானின் மகள்,
டெல்கெர்மா